நாற்பத்திரண்டு அடி உடைப்பு

மூணுமருதைக் குளத்தின் கட்டு உடைந்துவிட்டது என்பதை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள ஒன்பது மாதங்கள் ஆயின. அடிக்கல் நாட்டிய அன்று அது உடைந்திருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள அதற்கு இன்றுவரை மனம் வரவில்லை.

கட்டு உடைந்தது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் முழுக்க ஜும்ஆவில் நின்ற நேரத்தில். நற்பிட்டிமுனைக்கு மேற்கே, மூன்று மருத மரங்கள் நிற்கும் மூலையில் தண்ணீர் கட்டைத் தின்றுகொண்டு வெளியே வந்தது. இருநூற்றுப் பத்து ஏக்கர் வேளாண்மை மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. பிறகு இரண்டு மாதம் தண்ணீரில்லாமல் நின்றது. கடைசியில் மாட்டுக்கு வைக்கோலாகப் போனது.

அந்த வட்டைக்கு, அதாவது குளத்துக்குக் கீழுள்ள வயல்வெளிக்கு, விதானை அபூசாலி. குளத்துத் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குப் பங்கிடுவது வட்டவிதானையின் வேலை. பயிர் செய்யும் கமக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைக் கைதூக்கித் தெரிவுசெய்வார்கள். அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளந்து கொடுப்பார்கள். வேளாண்மை போன வருடத்தில் நெல் கிடைக்காது. ஏச்சு மட்டும் அளவில்லாமல் கிடைக்கும். அபூசாலிக்கு அந்த வருடம் அது நிறையவே கிடைத்தது. அடுத்த போகமும் போனால் விதானைப் பதவி மட்டுமல்ல, தன்னுடைய நாலு ஏக்கரும் கைவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியும். இயல்பிலேயே ஓர் இடத்தில் இருக்கமாட்டாத மனிதர். அதன் பிறகு தொழுகையில் மட்டுந்தான் அசையாமல் நின்றார்.

அவர் பெட்டிசம் எழுதுவித்து, கல்முனையிலிருந்த குளங்கள் புனருத்தாரணக் கந்தோருக்கு அனுப்பினார். குளங்களைத் திருத்துவதற்கென்றே புதிதாகத் திறந்த அரசாங்க அலுவலகம் அது. திறந்து இரண்டு வருடத்தில் அது திருத்தியிருந்தது தன் சொந்தக் கூரையை மட்டும்தான். அதுவும் ஒழுகியது.

மாசியில் ஓர் உத்தியோகத்தர் வந்து, சங்கிலி பிடித்து, உடைப்பு முப்பத்தெட்டு அடி என்றார். வைகாசியில் இன்னொருவர் வந்து நாற்பத்தைந்து என்றார். எது சரி என்று தீர்மானிக்க மட்டக்களப்பில் ஒரு கூட்டம் நடந்தது. மூன்றாந்தரம் அளப்பது முதல் இருவரையும் அவமதிப்பதாகும் என்று கருதி, இரண்டு அளவையும் கூட்டி இரண்டால் பிரித்தார்கள். நாற்பத்தொன்றரை வந்தது. அரை அடியில் அரசாங்கம் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது என்று ஒருவர் சொல்ல, நாற்பத்திரண்டு என்று முடிவாயிற்று. எவருடைய சங்கிலியிலும் அகப்படாத அந்த நாற்பத்திரண்டு அடியைத் திருத்தப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் ஒதுக்கினார்கள்.

ஆவணி மாதம் கடிதம் வந்தது. பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; இஞ்சினியர் விரைவில் நேரில் வந்து உடைப்பைப் பார்வையிடுவார்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அபூசாலியின் மனைவி சபூறா முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல.

"இஞ்ச பாருங்க, பெரிய மனிசன் வாற நேரத்தில குளம் வாயப் பொளந்துக்கிட்டுக் கிடந்தா நம்மள என்னெண்டு நினைப்பாங்க? சோம்பேறிட ஊரு எண்டு எழுதிக்கிட்டுப் போவாங்க."

கிழக்கிலங்கையின் அந்தக் கரையில் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளிவந்து வாசலுக்குப் பரப்புவார்கள். கிழிந்த வேலியைக் கட்டுவார்கள். ஓட்டைப் பாயைச் சுருட்டி மறைப்பார்கள். பழுதை விருந்தாளிக்குக் காட்டுவது மரியாதை இல்லை. இஞ்சினியர் பழுதைப் பார்க்கவென்றே வருகிறார் என்பது கடிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் விருந்தாளி விருந்தாளிதானே.

இன்னொரு வழக்கமும் இருந்தது. குளக்கட்டில் ஏக்கருக்கு இத்தனை முழம் என்று ஒவ்வொரு கமக்காரனுக்கும் பங்கு உண்டு. ஐப்பசி மழைக்கு முன் அவனவன் தன் பங்குக்கு மண் போட்டு உயர்த்த வேண்டும். உடைப்பு இருந்த இடம் ஐந்து பேருடைய பங்கு. அதில் அபூசாலி ஒருவர். அவருடைய மச்சான் ஷரிபுதீன் போடியார் இன்னொருவர். இருபது ஏக்கருக்குச் சொந்தக்காரரான ஷரிபுதீன், தன் பங்கு ஓட்டையாகக் கிடப்பதை இஞ்சினியர் பார்த்துவிடக்கூடாது என்று அபூசாலியைவிட அவசரப்பட்டார்.

ஐந்து பங்காளிகளுக்கு ஊரே கைகொடுத்தது. கம்பு இறுக்கி, களிமண் கொட்டி, எருமைக்கடா விட்டு மிதித்து, புல்லுக்கட்டை பதித்து, பதினேழு நாளில் உடைப்பை அடைத்தார்கள். இஞ்சினியரின் சப்பாத்தில் சேறு படக்கூடாது என்று, சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து இரண்டு வண்டில் வெள்ளை மணல் கொண்டுவந்து கட்டின் மேல் பரப்பினார்கள்.

விரைவில் வரவேண்டிய இஞ்சினியர் வரவில்லை. விரைவில் வருவதாக எவருக்கும் எழுதாத மழை வந்தது. குளம் நிரம்பியது. கட்டு நின்றது. விதைத்தார்கள்.

தை பிறந்து மழை ஓய்ந்தபோது பயிர் குடலையில் நின்றது. கதிரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கிற பருவம். இன்னும் இருபத்திரண்டு நாள் முறைவைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும், பிறகு பயிர் தானே முற்றிக்கொள்ளும் என்று அபூசாலி கணக்குப் பார்த்திருந்தார். கணக்குப் பார்த்த அன்றுதான் ஜீப் வந்தது.

இஞ்சினியர், வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் நல்லரெத்தினம், கடிதக் கோவையைச் சுமந்த பியோன் ஆகிய மூவரும் கட்டின் மேல் ஏறி, வெள்ளை மணலில் நடந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், திரும்பி வந்தார்கள்.

"உடைப்பு எங்கே?" என்றார் இஞ்சினியர்.

அபூசாலிக்கு முகமெல்லாம் பல். "நீங்க நிக்கிறதுதான் ஐயா உடைப்பு."

இஞ்சினியர் தன் சப்பாத்தைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் வைத்துப் பார்த்தார். அங்கும் கட்டுத்தான் இருந்தது.

"யார் அடைத்தது?"

"நாங்கதான் ஐயா. நீங்க வாறீங்கெண்டு."

"யாருடைய உத்தரவில்?"

"உத்தரவு என்னத்துக்கு ஐயா? எங்கட பங்குதானே."

இஞ்சினியர் வரைபடத்தை விரித்தார். அதில் குளம் நீல மையிலும் உடைப்பு சிவப்பு மையிலும் இருந்தன. சிவப்புக் கோட்டின் மீது விரலை வைத்துக்கொண்டு, அழுதுவிடுவார் போலப் பேசினார்.

"விதானை, நீர் செய்த காரியம் உமக்கு விளங்குகிறதா? ஓர் அரசாங்க உடைப்பை அழித்திருக்கிறீர். இந்த உடைப்புக்கு மட்டக்களப்பில் ஒரு படம் இருக்கிறது, கொழும்பில் ஒரு படம் இருக்கிறது. பணம் ஒதுக்கியாயிற்று. பழுதில்லாத குளத்தில் நான் எதைப் பழுதுபார்ப்பது? பணத்தைத் திருப்பி அனுப்பினால் கொழும்பில் என்ன நினைப்பார்கள்? இந்தக் கரையில் குளங்கள் தாங்களாகவே சுகமாகிவிடுகின்றன என்று நினைப்பார்கள். அடுத்த வருடம் கந்தோரையே மூடுவார்கள். என்னை எங்கே வைப்பது? இந்த ஓவசியரை, இந்தப் பியோனை எங்கே வைப்பது? நீங்கள் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்ததில் ஒரு கந்தோரே உடையப் பார்க்கிறது!"

பியோன் கோவையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஐயா, குளத்தில தண்ணி..."

"நான் தண்ணீரைப் பற்றிக் கதைக்கவில்லை. குளத்தைப் பற்றிக் கதைக்கிறேன்."

அன்றிலிருந்து பதினைந்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் புனருத்தாரணத்துக்கு அடிக்கல் நாட்ட வருகிறார் என்றும், அதற்கு முன், ஏழு நாளுக்குள், உடைப்பு பழைய இடத்தில் பழைய அளவில் இருக்கவேண்டும் என்றும், தவறினால் அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக விதானைமேல் வழக்கு வரும் என்றும் சொல்லிவிட்டு இஞ்சினியர் ஜீப்பில் ஏறினார். ஏறுமுன் சப்பாத்திலிருந்த மணலைத் தட்டினார்.

அன்று அபூசாலி வீட்டுக்கும் குளத்துக்குமாக நாலு தரம் நடந்தார். ஐந்தாம் தரம் புறப்பட்டபோது சபூறா வாசலில் வழி மறித்தாள்.

"ஒரு இடத்தில இரிங்களன். உடைஞ்ச நேரம் எட்டிப் பாக்காத மனிசர் இப்ப உடைக்கவா வந்திரிக்காங்க?"

"மணல் பரப்பச் சொன்னது நீதானே?"

"ஓம், மணல் பரப்பத்தான் சொன்ன. மறியல் வீட்டுக்குப் போகச் சொன்னயா? வெட்டினா வேளாண்மை போகும், வெட்டாட்டி நீங்க போவீங்க. ரெண்டில எது போனாலும் நான்தானே ஏச்சுக் கேக்கணும்."

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் கமக்காரர்கள் கூடினார்கள். அபூசாலி விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னரே ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டார்கள். ஒருவர் கட்டின் மேல் படுத்துவிடுவோம் என்றார். அவர் போகிற இடமெல்லாம் படுத்துவிடுகிறவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஷரிபுதீன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "மச்சான், எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. அடைக்கிறதுக்கு ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டு வாப்பாட வாப்பா காலத்திலிருந்து கணக்கு இரிக்கி. வெட்டுறதுக்கு ஆருக்குப் பங்கு? நான் அடைச்ச என்ட முழத்த நானே வெட்டுறயா, இல்லாட்டி நீ வெட்டுறயா?"

"நான் எப்படி ஒங்கட முழத்தில கை வைக்கிற?"

"அதத்தான் நானும் கேக்கன். போய்க் கேட்டுப்போட்டு வா. முறை தெரியாம மண்வெட்டியத் தூக்கினா நாளைக்கு நமக்குள்ளதான் வழக்கு."

ஷரிபுதீன் கேலியாகத்தான் சொன்னார். அபூசாலிக்கு அது கேலியாகப் படவில்லை. இருபது வருடம் முறைவைத்தே தண்ணீர் பங்கிட்ட மனிதர். முறை இல்லாத வேலை ஒன்றை அவருடைய கை அறியாது. அடுத்த நாள் காலை, இருபது நாள் தண்ணீர் பாக்கியிருக்க, அவர் கந்தோருக்குப் போனார்.

"ஐயா, வெட்டுற பங்கு ஆருக்கு?"

இஞ்சினியர் நிமிர்ந்தார். "ஊரவர்கள் சேர்ந்து வெட்டுங்கள். சிரமதானம்."

"அடைக்கத்தான் ஐயா எங்களுக்கு முறை இரிக்கி. வெட்டுறதுக்கு இல்ல. அரசாங்கத்துக் கட்டு எண்டு நீங்கதானே சொன்ன. அரசாங்கத்துக் கட்ட நாங்க சும்மா வெட்டினா, மறுகா அதுக்கும் வழக்கு வராதா?"

மேசையின் மூலையிலிருந்து நல்லரெத்தினம் மெதுவாகச் செருமினார். "விதானையார் கேக்கிறதில ஒரு நியாயம் கிடக்கு, சேர். கட்டு சரியா நிக்கிறதால அது இப்ப அரசாங்கக் கட்டு. அனுமதியில்லாம அடைச்சது குற்றமெண்டா, அனுமதியில்லாம வெட்டுறதும் குற்றந்தானே."

இஞ்சினியர் பேனையைக் கீழே வைத்தார். அவர் கெட்டவரல்லர். ஒழுங்கை நேசிப்பவர். ஒழுங்கின்மை ஒன்று இருப்பதாக யாராவது காட்டிவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. புதுக் கோவை ஒன்று திறக்கச் சொன்னார். அதன் மேல் 'மூணுமருதைக் குளம்: உடைப்பைப் புனருத்தாரணம் செய்தல்' என்று எழுதினார்கள்.

உடைப்பை உண்டாக்குவதற்கான எஸ்டிமேட் தயாராயிற்று. வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது.

"பக்கத்தில குமிச்சு வெச்சா, திரும்ப அடைக்க ஆகும் ஐயா," என்றார் அபூசாலி.

"ஆகாது. அடைப்பதற்கான மண் பதினாறு மைலுக்கு அப்பாலிருந்து வருகிறது என்று முதல் எஸ்டிமேட்டில் இருக்கிறது. பக்கத்தில் மண் இருந்தால் தூரத்து மண்ணுக்கு என்ன நியாயம்? இந்த மண்ணைப் பதினாறு மைலுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்."

"கொட்டிப்போட்டு?"

"கொட்டிவிட்டு, அங்கிருந்து கொண்டுவரவேண்டும்."

இதையும் எஸ்டிமேட்டில் சேர்த்தார்கள்.

பதினெட்டு நாள் தண்ணீர் பாக்கியிருக்க, அபூசாலி மீண்டும் போனார். வெட்டினால் குளத்திலிருக்கும் எட்டடித் தண்ணீர் எங்கே போவது என்று கேட்டார். கோவையைப் புரட்டிப் பார்த்தார்கள். ஆவணியில் எழுதிய குறிப்பில் 'குளம் வறண்டது' என்று இருந்தது. ஆகவே தண்ணீர் இல்லை. இருக்கிறது என்றால் விதானை அதை எழுத்தில் அறிவிக்கவேண்டும். அபூசாலி எழுத்தில் அறிவித்தார். தண்ணீர் எந்தத் திகதியில் குளத்துக்குள் பிரவேசித்தது, யாருடைய அனுமதியோடு பிரவேசித்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மழைக்கு அனுமதி கொடுத்தவனைப் பற்றிப் பெட்டிசத்தில் எழுதலாமா என்று அபூசாலி மௌலவியிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மௌலவி.

இப்படிக் கந்தோருக்குப் போவதும் வருவதும், இடையில் வயலுக்குத் தண்ணீர் விடும் துருசைத் திறப்பதும் மூடுவதுமாக அபூசாலி அலைந்தார். ஏழு நாள் கெடு கடந்ததை அவர் மட்டும்தான் கவனித்தார். கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு வழக்குத்தான் என்று நினைப்பார். ஆனால் கடிதம் வந்த ஒவ்வொரு நாளும் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதென்று அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

சொன்னவர் நல்லரெத்தினம். காரைதீவுக்காரர், தகப்பன் வழியில் அவருக்கும் கொஞ்சம் வயல் உண்டு. கந்தோர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, அபூசாலியின் பக்கம் பார்க்காமல் கேட்டார்.

"விதானையார், இன்னும் எத்தின நாள் தண்ணி வேணும்?"

"பதினொரு நாள்."

"அப்ப ஆறு கடிதம் காணும், ஒண்டுக்கு ரெண்டு நாள் போகும். நாளைக்கு வந்து, உடைப்பு மேல நாப்பத்திரண்டு அடியா, அடியில நாப்பத்திரண்டு அடியா எண்டு கேளுங்க. மேலயும் அடியிலயும் ஒரே அளவில ஒரு உடைப்பும் உடையிறதில்ல. அதுக்கு மட்டும் மூண்டு நாள் போகும்."

அபூசாலி அவரை உற்றுப் பார்த்தார். நல்லரெத்தினம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மேலேயா அடியிலேயா என்ற கேள்வி மட்டக்களப்புக்குப் போயிற்று. அது திரும்புமுன் பதினைந்தாம் நாள் வந்தது. இன்னும் ஏழு நாள் தண்ணீர் கொடுக்கவேண்டும். பெரியவர் வருகிறார். உடைப்பு இல்லை.

இஞ்சினியர் தளரவில்லை. கட்டின் மேல் நாற்பத்திரண்டு அடி அளந்து, இரு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நாட்டுவித்தார். இந்தக் கம்புகளுக்கிடையில் உள்ளது கொள்கையளவில் உடைந்திருக்கிறது என்று எல்லாருக்கும் அறிவித்தார். பெரியவரின் கார் வரப் புதிதாகக் கிறவல் ரோட்டுப் போட்டார்கள். பந்தல் போட்டார்கள். சோபா வந்தது, கயிற்றுக் கம்பளம் வந்தது. பெரியவரும் பிரமுகர்களும் படத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கவென்று நாற்பத்திரண்டு புது மண்வெட்டிகள், பிடியில் ரிப்பன் கட்டி, வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டன.

அடிக்கல்லும் வந்தது. நாலு பேர் தூக்குகிற கருங்கல்; பெரியவரின் பெயர் பொன்னெழுத்தில். அதைக் கட்டின் வெளிப்புற அடிவாரத்தில், அடைத்த மண்ணில், ஆளுயரக் குழி தோண்டி நாட்டவேண்டும் என்றார்கள்.

குழியைக் கண்டதும் அபூசாலி ஓடினார். "ஐயா, புது மண் ஐயா இது. அந்தப் பக்கம் எட்டடித் தண்ணி நெருக்கிக்கிட்டு நிக்கிது. அடியில தோண்டக்கூடா. கட்டு வெட்ட எஸ்டிமேட் வேணுமெண்டு நீங்கதானே சொன்ன?"

"கட்டை வெட்டத்தான் எஸ்டிமேட் வேண்டும்," என்றார் இஞ்சினியர். "இது வெட்டு அல்ல. வைபவம். வைபவத்துக்கு வேறு ஒதுக்கீடு."

பெரியவர் காலை பத்து மணிக்கு வந்தார். மாலை விழுந்தது. குழியைச் சுற்றிலும், விருந்தாளி அல்லவா, ஊரவர்கள் புதிதாக வெள்ளை மணல் பரப்பியிருந்தார்கள். அபூசாலிக்குப் பந்தலில் உட்காரக் கதிரை கொடுத்திருந்தார்கள். அவர் அதில் இரண்டு நிமிடம் இருந்தார். எழுந்தார். மணலைப் பார்த்தார். இருந்தார். மறுபடி எழுந்தார்.

பெரியவர் எழுதிவந்த பேச்சை வாசித்தார்.

"அன்பார்ந்த மக்களே! இந்த வறண்ட பூமியைப் பார்க்கும்போது என் கண்கள் குளமாகின்றன. இங்கே, இந்தக் குளத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!"

பின்னால் ஒரு கொக்கு குளத்தில் இறங்கி மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

"வெடித்த வயல்களைப் பாருங்கள்! ஒரு பச்சைப் புல் உண்டா? எத்தனை அரசாங்கங்கள் வந்தன, உங்கள் உடைப்பை எவராவது கவனித்தார்களா? நாங்கள் கவனித்தோம். அளந்தோம். ஒருமுறை அல்ல, இருமுறை அளந்தோம். உங்கள் உடைப்பு இன்று உங்களுடையது மட்டுமல்ல. அது தேசத்தின் உடைப்பு!"

கைதட்டினார்கள். அபூசாலி தட்டவில்லை. குழியின் ஓரத்தில், கட்டுப் பக்கமாக, வெள்ளை மணலில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாய் அகலமாயிற்று. பந்தலை விட்டிறங்கிக் குழியருகே போய் எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. கையை விட்டு அள்ளினார். தெளிந்து கசிந்தால் கட்டு வியர்க்கிறது என்று விடலாம். கலங்கிக் கசிந்தால் உள்ளே மண் நகர்கிறது. உள்ளங்கையில் இருந்தது பால் விட்ட தேத்தண்ணி நிறம்.

"மச்சான்!" என்று கத்தினார். "கலங்கல்!"

வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த மூலையின் பங்காளிகள் ஐந்து பேரும் கூட்டத்தில்தான் இருந்தார்கள். ஷரிபுதீன் பட்டுச் சால்வையோடு எழுந்து ஓடி, ரிப்பன் கட்டிய மண்வெட்டியொன்றை இழுத்தார். மற்றவர்களும் இழுத்தார்கள். பின்னால் ஊரே வந்தது. முதலில் கல்லைப் புரட்டிக் குழிக்குள், கசிவு வாயில் சாய்த்து இறக்கினார்கள். அந்த இடத்தில் அதைவிடப் பாரமான பொருள் வேறில்லை. அதன்மேல் பந்தல் வாழைத்தண்டுகள், கிடுகு, சாக்கு. ஒருவர் சோபாவுக்குக் கீழேயிருந்த கம்பளத்தை உருவிக்கொண்டு வந்தார். அதன்மேல் மண். அபூசாலி இடுப்பளவு சேற்றில் நின்று மிதித்தார். தொழுகைக்கு வெளியே ஓரிடத்தில் நில்லாத மனிதர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பெரியவருக்குக் கண் கலங்கியது. "பாருங்கள்! நான் பேசி முடிக்குமுன்னரே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்! இப்படி ஓர் ஆர்வத்தை நான் எந்த மாகாணத்திலும் கண்டதில்லை!" என்று சொல்லி, கழுத்து மாலையைக் கழற்றிக் குழிக்குள் வீசினார்.

"அதையும் வெச்சு மிதி," என்றார் ஷரிபுதீன்.

படம் பிடித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் குழி மூடியது. மணலில் ஈரம் அதற்குமேல் நகரவில்லை. அபூசாலி மேலே ஏறி, கட்டோரமாகக் குந்தி, கடைசியாகக் கசிந்த நீரை உள்ளங்கையில் ஏந்தினார். ரேகை தெரிந்தது. தெளிந்திருந்தது.

"வேலை முடிந்துவிட்டதா?" என்று பெரியவர் இஞ்சினியரிடம் கேட்டார்.

இஞ்சினியர் சுற்றிப் பார்த்தார். இரு சிவப்புத் துணிகளுக்குமிடையில் கட்டு முழுசாக நின்றது. பெரியவரின் கண்முன்னே மக்கள் மண் போட்டு அடைத்திருக்கிறார்கள். படமும் இருக்கிறது. அவருடைய முகத்தில் இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒழுங்கு திரும்பியது.

"முடிந்துவிட்டது, சேர். இன்றே தொடங்கி இன்றே முடிந்துவிட்டது."

அன்று மாலையே சான்றிதழ் எழுதப்பட்டது. ரோட்டுக்கும் பந்தலுக்கும் கல்லுக்கும் போக மீதிப் பணம் உடைப்புக்குள் போனது என்று கோவை சொல்கிறது. விதானைமேல் வரவிருந்த வழக்கு, உடைப்பு அரசாங்கத்தால் முறைப்படி அடைக்கப்பட்டுவிட்டபடியால், கைவிடப்பட்டது. இலங்கையிலேயே மிக விரைவாகத் திருத்தப்பட்ட குளம் என்று பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. படத்தில் சேற்றுக்குள் நிற்பவர் ஓர் 'உற்சாகமிக்க விவசாயி' என்று போட்டிருந்தார்கள்.

"உற்சாகத்தப் பாருங்க," என்றாள் சபூறா. "சாறன் முழுக்கச் சேறு. ஊத்தைய எடுக்க மூணு வெளுப்பு வெளுத்தன்."

அபூசாலி மிச்சம் ஏழு நாளும் தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அந்த மூலைக்குப் போய் மணலைத் தொட்டுப் பார்த்தார். மாசியில் கதிர் சாய்ந்தது. பங்குனியில் வெட்டி, சூடு வைத்து, அடித்துத் தூற்றினார்கள். அந்த வருடம் அவருக்கு நெல் அளந்து கொடுத்தபோது ஷரிபுதீன் தன் பங்குக்கு ஒரு மரைக்கால் கூடுதலாகப் போட்டார்; ஏனென்று சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள் நல்லரெத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். சபூறா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்தார்.

"கொழும்பிலயிருந்து. கணக்குப் பார்க்கிறவங்க கேட்டிருக்காங்க. அடிக்கல் நாட்டினதுக்குப் பில் கிடக்கு, அடிக்கல்லக் காணல்ல எண்டு. பெரியவரிட பேர் எழுதின கல்லு எல்லாருக்கும் தெரியிற மாதிரி நிக்கவேணுமாம். தோண்டி எடுக்கட்டாம்."

அபூசாலி எழுந்து நின்றார். வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார். கல் கட்டின் வாயில் கிடக்கிறது. கல்லை எடுத்தால் கட்டு வரும். கட்டு வந்தால் குளம் வரும்.

பிறகு, அந்த வீட்டில் சபூறா அரிதாகவே பார்த்த ஒரு காரியம் நடந்தது. அபூசாலி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"எழுதுங்க, ஓவசியர் ஐயா," என்றார். "கல்லுத் தோண்டுற பங்கு ஆருக்கு எண்டு கேட்டு எழுதுங்க. தோண்டுற மண்ண எத்தின மைலுக்கு அங்கால கொட்டுற எண்டும் கேளுங்க. குழிக்குள்ள அரசாங்கத்துக் கம்பளம் ஒண்டும், பெரியவர்ர மாலையும் கிடக்கு, அதுகள என்ன செய்ற எண்டும் கேளுங்க."

நல்லரெத்தினம் பேனை மூடியைக் கழற்றினார். இந்த முறை அபூசாலியின் முகத்தை நேராகப் பார்த்தே கேட்டார்.

"இந்தத் தரம் எத்தின நாள் வேணும், விதானையார்?"

"குளம் இரிக்கிற வரைக்கும்," என்றார் அபூசாலி.